பசியை அணைத்துவிட்டு ஆடியவன்

கணினி விளையாட்டுத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். காட்டில் தனியாக விடப்பட்ட ஒருவன் மரம் வெட்டி, குடிசை போட்டு, தின்பதற்குத் தேடி உயிர்பிழைக்கும் வகை விளையாட்டில், பசியைச் சரிக்கட்டும் வேலை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டீர்கள். காபி கொடுத்தீர்கள். விளையாட்டை ஓடவிட்டுக் காட்டினீர்கள். உங்கள் குழுவில் காட்டியவர் முதல் காரியமாக விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டினார். திரையின் மூலையில் குறைந்துகொண்டிருந்த பசிக்கோடு அப்படியே நின்றது.

"இது இருந்தா ஒண்ணும் காட்ட முடியாது சார். சும்மனே செத்துச் செத்துப் போவான்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபிறகு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த ஆத்திரத்தோடுதான் இதை எழுதுகிறேன். அதில் பெரும்பங்கு என் மேல் உள்ளது. மீதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன். ஓய்வுபெற்ற பிறகு என் பழைய மாணவன் மாதேஷ் வந்து கூப்பிட்டான். மாதேஸ்வரன் மலையடிவாரத்து ஹனூர்ப் பக்கத்துக்காரன், வீட்டில் தமிழ் பேசுபவன். மைசூர் விஜயநகரில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்து, 'கானாறு' என்று ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தான். "உங்களுக்குக் கணக்குத் தெரியுங்க சார். எங்களுக்கு ஆடத்தான் தெரியும்" என்றான். பசி எவ்வளவு வேகமாக ஏறவேண்டும், எந்தக் கிழங்கு எவ்வளவு பசியைத் தீர்க்கவேண்டும், சமைத்த களி எத்தனை நேரம் தாங்கவேண்டும் என்பதை முடிவுசெய்வது என் பொறுப்பாயிற்று. நான் அதை ஒரு தேர்வுத்தாள் தயாரிப்பதுபோலச் செய்தேன். எல்லோரும் தேறிவிட்டால் தாள் சரியில்லை, எல்லோரும் தோற்றுவிட்டாலும் சரியில்லை. இந்த நினைப்போடு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவனிடம் பசியைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அங்கேயும் உங்களிடம் இருப்பதுபோல, ஆடுபவர்களுக்கு இல்லாத ஒரு விசை எங்களுக்கு இருந்தது. கூரை சரியாக உட்காருகிறதா என்று பார்க்கவேண்டிய பையனுக்கு நடுவில் பசித்தால் வேலை கெடும். மழை சரியாகப் பெய்கிறதா என்று பார்க்கும் பெண்ணுக்கும் அப்படியே. எனவே எல்லோரும் காலையில் வந்து உட்கார்ந்ததும் பசியை அணைத்தார்கள். அதில் தவறில்லை. ஆனால் மாலையில் யாரும் அதை ஏற்றவில்லை. மறுநாளும் ஏற்றவில்லை. பசியைப் பற்றியே நாள் முழுக்க வாதாடிய நான் உட்பட, அந்த மாடியில் இருந்த யாரும் கானாற்றில் பசித்ததே கிடையாது. ஒரே ஒருவரைத் தவிர.

அவர் ஜெசிந்தா. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். அம்மா நர்ஸ். ஆடுபவர்களோடு பேசுவது, அவர்களின் குறைகளைக் கேட்டு எங்களிடம் சொல்வது, புதிய மாற்றங்களை அவர்களுக்கு அறிவிப்பது எல்லாம் அவர் வேலை. அறிவிப்பின் கீழே நிறுவனத்தின் பெயர் போடாமல் 'ஜெசிந்தா' என்று தன் பெயரைப் போடுவார். ஆடுபவர்கள் அவரை அக்கா என்றார்கள். தினமும் சாதாரண ஆளாக உள்ளே போய், பசியோடு ஆடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். பக்கத்தில் நிற்பவரின் பசிக்கோடு அவர் தலைக்கு மேல் தெரியவேண்டும் என்று கேட்டு வாங்கியதும் அவர்தான். எதற்கு என்று நான் கேட்டேன். "எதுத்தாப்புல நிக்கிறவங்களுக்குப் பசிக்குதான்னு தெரிய வேண்டாமா சார்?" என்றார். வீண் அலங்காரம் என்று நினைத்தேன்.

அந்தக் கோடுகள் தெரியத் தொடங்கியபின் கானாற்றில் நாங்கள் யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. புதிதாக வருபவன் ஆற்று மணல்திட்டில் கண்விழிப்பான். கையில் ஒன்றும் இருக்காது. அங்கே பழைய ஆட்கள் ஒரு பெரிய பானையை வைத்தார்கள். மேலே கூரை போட்டார்கள். இலைக்காகச் சுற்றிலும் வாழை நட்டார்கள். ஆட்டத்தை முடித்துக்கொண்டு வெளியேறுமுன் யாராவது களி கிண்டி அந்தப் பானையை நிரப்பிவிட்டுப் போவார்கள். புதியவன் வந்ததும், முன்பின் தெரியாத ஒருவன் அவன் தலைக்கு மேல் இருக்கும் கோட்டைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் யார் யாரைப் பார்த்தாலும் கேட்பதைக் கேட்பான்: "ஊட்டா ஆய்த்தா?" புதியவன் தமிழ்நாட்டுக்காரனாக இருந்து அது புரியாவிட்டால், "சாப்டியா?" என்று இன்னொருவன் மொழிபெயர்ப்பான். சாப்பிட்டுவிட்டு அவனும் மரம் வெட்டப் போவான். சில நாள் கழித்து அவனும் பானையை நிரப்புவான்.

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. வரைபடத்தில் பார்த்தேன். புது ஆட்கள் பசியால் இறக்கும் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. என் தேர்வில் எல்லோரும் தேறிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் விளையாட்டை வெளிநாடுகளில் விற்றுத்தருவதாகச் சொன்ன ஒரு விநியோகஸ்தர், முதல் ஒரு மணிநேரத்தில் பயமே இல்லை என்று எழுதியிருந்தார். தசராவுக்கு முன் சரிசெய்து அனுப்பவேண்டும். ஊர் முழுக்க விளக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள், மாதேஷ் நகம் கடித்துக்கொண்டிருந்தான். நான் அவனுடைய அறையில் உட்கார்ந்து, "ஒரு ஓட்டை இருக்கிறது, அடைத்துவிடலாம்" என்றேன். சமைத்த உணவைச் சமைத்தவர் மட்டுமே சாப்பிட முடியும் என்று ஒரு விதி. ஒரு வரி மாற்றம்.

ஜெசிந்தா அப்போதுதான் உள்ளே வந்தார்.

"எந்த ஓட்டை சார்?"

"பானை."

"சோறு போடறத ஓட்டைன்னா சொல்றீங்க?"

"உணர்ச்சிவசப்படாதேம்மா. பசி இல்லாவிட்டால் இந்த விளையாட்டில் என்ன இருக்கிறது? தேடி அலைந்து, தானே கண்டுபிடித்துச் சாப்பிட்டால்தான் அதில் ருசி."

அவர் மாதேஷிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க பாஸ். உங்க மாதேஸ்வரன் மலையில தாசோகத்துல சாப்பிட உக்காந்தா, நீயே சமைச்சியான்னு கேட்டுட்டா இலை போடறாங்க?"

மாதேஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, அங்க எதுக்குங்க போறீங்க. அது சாமி காரியம். இது யாவாரம்."

"யாவாரம்தான். பானைக்காகத்தான் திரும்பத் திரும்ப வர்றாங்க. சொல்ப பொறுத்துக் கேளுங்க. அவங்க பயந்து ஆடல, ஒருத்தரோட ஒருத்தர் ஆடறாங்க."

நான் வரைபடத்தை அவர் முன்னால் தள்ளினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"சரி சார். ஒண்ணு பண்ணுங்க. இந்த ரூல் போட்டு, புது ஆளா உள்ள போயி, பசியை ஆன் பண்ணி, நீங்களே ஒரு தடவ ஆடுங்க. தானா தேடிப் பொழைக்க முடியுதுன்னு நீங்க சொன்னா போதும். நான் ஒண்ணும் பேசல. என் பேர் போட்டு நானே அறிவிப்பு எழுதறேன். அவங்க என்கிட்டதான் கேப்பாங்க, ஆடிப் பாத்தீங்களா அக்கான்னு. நான் ஆமான்னு சொல்லணும். பொய் சொல்ல மாட்டேன்."

நியாயமான பேச்சு. அவர் பணயம் வைத்தது எது என்று கவனியுங்கள். முகம் தெரியாத அத்தனை பேர் மத்தியில் தன் சொல்லுக்கு இருந்த மதிப்பை என் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை உட்கார்ந்தேன். விதியைப் போட்ட சோதனைப் பிரதியில் புது ஆளாக மணல்திட்டில் இறங்கினேன். பசிக்கோடு குறையத் தொடங்கியது. அதற்குள் மாதேஷ் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து ஆயிற்றா என்று கேட்டுவிட்டான். விதி வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று விசையைத் தட்டிப் பசியை அணைத்தேன். பானையருகே போனேன். இன்னொருவர் சமைத்த களியைத் தொட்டேன். 'இது உங்கள் உணவு அல்ல' என்று திரை சொன்னது. விதி சரியாக வேலை செய்தது. எழுந்து வெளியே வந்தேன்.

"ஆடினீங்களா சார்?"

"ஆடினேம்மா."

"பசியோட?"

"ஆமாம். முடிகிறது."

கைத்தவறு என்று இதைச் சொல்லமாட்டேன். மறதியும் இல்லை. எனக்கு முடிவு முன்பே தெரியும், அதற்காக எதற்குப் பசித்துக்கொண்டு அலையவேண்டும் என்று நினைத்தேன். நம் தொழிலில் தினமும் சொல்லப்படும் பொய் இதுதான். 'ஆடிப் பார்த்தாயிற்று' என்கிறோம். ஓடவிட்டுப் பார்த்திருப்போம், அவ்வளவுதான்.

அறிவிப்பு ஜெசிந்தாவின் பெயரில் போயிற்று. மாற்றம் அமலுக்கு வந்த அன்றே உள்ளே குழப்பம். பானை நிறையக் களி இருந்தது. அதைச் சுற்றி நின்றுகொண்டே புதியவர்கள் செத்தார்கள். பழைய ஆட்கள் எடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், கையில் போட்டுப் பார்த்தார்கள், தரையில் வைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் நான் அடைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

"அக்கா, இத நீங்க ஆடிப் பாத்தீங்களா?" என்று கேட்டார்கள்.

"எங்க டீம்ல ஒருத்தர் புது ஆளா, பசியோட ஆடிப் பாத்தாச்சு. தேடினா பொழைக்கலாம். ப்ளீஸ், கொஞ்ச நாள் முயற்சி பண்ணுங்க" என்று அவர் பதில் எழுதினார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதேஷ் எனக்குப் போன் செய்தான். "சார், ஒரு தொந்தரவுங்க. எல்லாரும் பானையச் சுத்தி உக்காந்துட்டாங்க. தின்ன மாட்டாங்களாமா. சாகறவரைக்கும் உக்காருவாங்களாமா. படம் புடிச்சு வெளிய போட்டுட்டிருக்கறாங்க. ஏதாச்சும் பண்ணுங்க."

எனக்குக் கோபம் வந்தது. விளையாட்டில் உண்ணாவிரதமா? பையில் கிழங்கும் மீனும் வைத்துக்கொண்டு சாகிறார்களா? இவர்களுக்கு எடுத்துச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று, வீட்டிலிருந்தே ஒரு புது ஆளாக உள்ளே போனேன். பெயர் மாற்றிக்கொண்டேன். பேசப் போகும் நேரத்தில் செத்துத் தொலைக்கக்கூடாது என்று வழக்கம்போலப் பசியை அணைத்தேன். கை தானாகவே போயிற்று.

மணல்திட்டில் இடமே இல்லை. வாழைகளுக்கு நடுவே வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு கோடு. எல்லாக் கோடுகளும் குறைந்துகொண்டிருந்தன. நான் நடுவில் நின்று எழுதத் தொடங்கினேன். 'நண்பர்களே, உணவு காட்டில் இருக்கிறது. தேடுங்கள். உழைக்காமல் உண்பது விளையாட்டு அல்ல.' கல்லூரியில் பேசியதுபோலவே எழுதினேன்.

முன்வரிசையில் ஒருவன் சாய்ந்தான். பக்கத்தில் இருந்தவள் சாய்ந்தாள். ஒருவர்பின் ஒருவராக விழுந்துகொண்டிருந்தார்கள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"குரு, நீ எப்ப வந்தே?" என்று, இந்த ஊர்ப் பையன்கள் யாரையும் கூப்பிடுவதுபோல, ஒருவன் கேட்டான்.

'சற்றுமுன்' என்று எழுதினேன்.

"அவ்ளோ நேரமா லெக்சர் குடுக்கறே, இன்னும் சாகலையா?"

"டேய், இவன் தலைக்கு மேல பாரு மகனே. ஃபுல்லா நிக்குது. அசையவே இல்ல."

"ஆபீஸ்காரன்டா இவன்!"

"பசியே இல்லாம வந்து நமக்குப் பாடம் எடுக்கறான்."

நான் அசையாமல் நின்றேன். வெளியேறுவதற்கான பொத்தான் எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. சுற்றிலும் விழுந்து கிடந்தவர்களுக்கு நடுவே, பிறந்தநாள் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவன்போல என் கோடு நிறைந்து நின்றது. அப்போதுதான் பானையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த ஓர் ஆளின் பெயரைப் பார்த்தேன். ஜெசிந்தா. அவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய கோடு முடியும் தறுவாயில் இருந்தது.

"சார், நீங்களா?" என்று எழுதினார். என் எழுத்து நடையிலேயே அடையாளம் கண்டுகொண்டார் போலிருக்கிறது.

நான் பதில் எழுதுவதற்குள் அவருடைய ஆள் சாய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அவர் உட்காரவில்லை. என் மேசைக்கு எதிரே நின்றார்.

"அன்னிக்கு ஆடினேன்னு சொன்னீங்களே சார். அதுவும் இப்படித்தானா?"

"விதி சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தேன்மா."

"நான் அத கேக்கல சார்."

"ஆமாம். பசியை அணைத்துவிட்டுத்தான்."

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவங்கள்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் சத்தியம் பண்ணாத குறையா சொன்னேன்" என்றார். பிறகு மாதேஷிடம் போய், விதியை எடுத்துவிட்டு, யாரும் ஆடிப் பார்க்கவில்லை, ஆடியதாகச் சொன்னது பொய் என்று ஆடுபவர்களுக்கு எழுதவேண்டும் என்று கேட்டார். அதை நான் என் பெயரில் எழுதவேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

"ரூல எடுத்துப்போடலாங்க. அதுல பிரச்சினை இல்ல" என்றான் மாதேஷ். "ஆனா பொய்யி கிய்யின்னு எதுக்குங்க? தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டா முடிஞ்சுது. விநியோகஸ்தர் பாக்கறாரு."

"சார், நீங்க சொல்லுங்க" என்றார் ஜெசிந்தா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அன்று காபி குடிக்கும்போது நீங்கள் என்னிடம் நெருக்கடியில் முடிவெடுப்பது எப்படி என்று கேட்டீர்கள் அல்லவா? நான் எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன். எனக்கு அறுபது வயதுக்கு மேல் ஆனபிறகு, ஒரு பெண்ணின் முன்னால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட வாசிக்கும் அறிவிப்பில், நான் பொய் சொன்னேன் என்று எழுதவேண்டுமா என்று என் மானம் கேட்டது. அதன் பேச்சைக் கேட்டேன். "மாதேஷ் சொல்வதே போதும். பெயரெல்லாம் எதற்கு?" என்றேன்.

ஜெசிந்தா அன்று மதியமே போய்விட்டார். கணினியை மூடி, டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, எல்லோரிடமும் வருகிறேன் என்று சொன்னார். என்னிடமும் சொன்னார். மாலையில் 'தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று அறிவிப்பு போயிற்று. அறிவிப்புக்கான மாதிரிப் படிவம் பழையது. கீழே அவர் பெயர் இருந்தது. அதை நீக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது, நான் நீக்கவில்லை.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பானை திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஒருவரும் நிரப்பவில்லை. விதியைத் திரும்பப் பெறுவது சுலபம், அதற்கும் ஒரு வரிதான். ஒருவன் மற்றொருவனைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்பது எங்கள் நிரலில் எந்த வரியிலும் இருக்கவில்லை. அதை எப்படித் திரும்ப எழுதுவது என்று நானும் மாதேஷும் மாதக்கணக்கில் பேசினோம். பானையை நிரப்பினால் பரிசு என்று வைத்துப் பார்த்தோம். பரிசுக்காகச் சிலர் நிரப்பினார்கள். பரிசை எடுத்துக்கொண்டு போனார்கள். அக்கா எங்கே என்று சில நாள் கேட்டார்கள். அதுவும் நின்றது. விநியோகஸ்தர் வேறு விளையாட்டைப் பார்க்கப் போனார். கானாற்றை மூடுவதென்று மாதேஷ் முடிவுசெய்தான்.

மூடுவதற்கு முந்தின நாள் பகலில் நான் உள்ளே போனேன். புது ஆளாக. இந்த முறை விசையைத் தொடவில்லை.

மணல்திட்டில் யாரும் இல்லை. பானை காலியாக இருந்தது. வாழைகள் மட்டும் செழித்திருந்தன. அவை குலை தள்ளக்கூடாது என்று முன்பே நான் முடிவுசெய்திருந்தேன், இலவசப் பழம் ஆட்டத்தைக் கெடுக்கும் என்று. கிழங்கு ஆற்றின் அக்கரையில் இருப்பது எனக்குத் தெரியும், அங்கே வைத்தவனே நான்தான். நீந்தினேன். நீந்தினால் பசி வேகமாக ஏறும் என்பதும் என் கணக்கு. கரையேறியபோது பாதிக் கோடு போயிருந்தது. கிழங்கு தோண்டக் குச்சி வேண்டும். குச்சிக்கு மரம் வேண்டும். மரத்தை வெட்டினால் மேலும் பசிக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக எனக்கு நியாயமாகத் தெரிந்தவை. சேர்த்து என் உடம்பில் ஏறியபோதுதான் அது என்னவென்று தெரிந்தது. களாப்புதர் ஒன்றைக் கண்டு ஓடினேன். காய்கள் அழுகிவிட்டிருந்தன. அழுகும் வேகமும் நான் வைத்ததுதான். திரையின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. யாராவது இருக்கிறார்களா என்று எழுதிப் பார்த்தேன். யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதினேன்.

விழுந்தேன். கறுப்புத் திரையில் ஒரு வாசகம் வந்தது: 'பசியால் இறந்தீர்கள். அடுத்த முறை முன்யோசனையுடன் நடந்துகொள்ளுங்கள்.'

அந்த வாசகத்தை எழுதியவன் நான். அலுவலகத்துக்குக் கீழே இருந்த ஓட்டலில் வயிறு நிறையச் சாப்பிட்டு, மேலே வந்து உட்கார்ந்ததும் எழுதியது.